முப்பது நாள் கெடு

செஞ்சி,
18-8-85

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு அண்ணி அமிர்தவல்லி எழுதறது. நீயும் உன் வீட்டுக்காரர் தனசேகரனும் கோமளாவும் சுகம்தானே? முட்டி வலிக்கு நான் குடுத்த மாத்திரைய வெறும் வயித்துல போட்டுடாத.

எனக்கு நோவு ஒண்ணும் இல்ல, அலுப்புதான். ஆஸ்பத்திரில ரெண்டு நர்ஸ் வேலைய ஒருத்தியா பாக்கறேன். கோட்டை பாக்க வர காலேஜ் பசங்க வேற ராஜகிரில ஏறி கால ஒடிச்சிக்கிட்டு வந்து நம்ம தலைல விழறானுங்க.

விஷயத்துக்கு வரேன். விழுப்புரம் கோர்ட்ல நான் விவாகரத்துக்கு மனு போட்டு ஒன்றரை வருஷம் ஆவுது. உன் அண்ணன் பாம்பேல உக்காந்துகிட்டு சம்மன வாங்கவே இல்ல. மூணு வாட்டி திரும்பி வந்துச்சு. போன மாசம்தான் வந்து வக்கீல் வெச்சாரு. ஜட்ஜ் ஐயா ரெண்டு பேரையும் கூப்பிட்டு, சமாதானமா போக முடியுமா பாருங்கன்னாரு. எல்லார்கிட்டயும் அப்படி சொல்லித்தான் ஆவணுமாம்.

என் வக்கீல் இளையபெருமாள் ஒரு வழி சொல்றாரு. ரெண்டு பேரும் சேர்ந்து கையெழுத்து போட்டு ஒரு மனு குடுத்தா, ஆறு மாசம் கழிச்சி திரும்ப வந்து 'ஆமா, எங்களுக்கு சம்மதம்'னு சொன்னா போதுமாம். முடிஞ்சிடும். சண்ட போட்டு வாங்கணும்னா எப்ப முடியும்னு அவருக்கே தெரியாதாம். நீ சொன்னா உன் அண்ணன் கேப்பாரு. ஒரே ஒரு கையெழுத்து. எனக்கு அவருகிட்டேருந்து வேற எதுவும் வேணாம்.

இதுல எதுக்கு இப்படி புடிவாதமா நிக்கறேன்னு நீ ஒரு நாளும் கேக்கல, நானே சொல்றேன். சாயங்காலம் ஆறு மணிக்கு திண்டிவனம் பஸ் வந்து நிக்கற சத்தம் என் வீடு வரைக்கும் கேக்கும். கேட்டா கைல இருக்கற வேல அப்படியே நின்னுடுது. வருவாரா, வரமாட்டாரா? வந்தா ரெண்டு நாள் புருஷன்னு உக்காந்து சாப்பிடுவாரு, சொல்லாம கெளம்பிப் போவாரு, அப்புறம் வருஷக்கணக்குல ஒரு கார்டு கூட வராது. எனக்கு வேற கல்யாணம்லாம் வேணாம் ரஞ்சிதம். பொழுது போனா கதவ தாப்பா போட்டுட்டு, இனிமே யாரும் வரமாட்டாங்கன்னு உக்காரணும். அவ்வளவுதான் ஆச.

பதில் போடு.
அமிர்தவல்லி


நெய்வேலி,
9-9-85

பிரியமுள்ள அண்ணிக்கு ரஞ்சிதம் எழுதிக்கறது. நாங்க நல்லாருக்கோம், உங்க ஒடம்ப பாத்துக்கோங்க. மாத்திர சாப்ட்டப்புறம்தான் போடறேன். ஆனாலும் படி ஏறுனா உயிர் போவுது.

இவருக்கு இந்த வாரம் நைட் ஷிப்டு. பகல்ல தூங்கறாரு, ரேடியோ கூட வெக்க முடியல. ரேஷன்ல பாமாயில் வந்து ரெண்டு மாசம் ஆவுது. கோமளாவுக்கு பத்தொம்பது வயசு முடியப்போவுது. பண்ருட்டி பக்கம் ஒரு எடம் வந்திருக்குது, பையன் கரண்டு ஆபீஸ்ல வேல. ஜாதகம் குடுத்திருக்கோம்.

நீங்க எழுதனத படிச்சேன். எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல அண்ணி. ரெண்டு பேரும் எனக்கு வேணும். வயசாவும்போது பக்கத்துல ஒரு ஆளு வேணாமா? அண்ணனுக்கு கோவம் ஜாஸ்திதான், ஆனா மனசு கெட்டது இல்ல. கோமளாவுக்குன்னு பாம்பே அல்வா வாங்கியாந்துச்சு பாருங்க, டப்பா டப்பாவா. கோமளாவுக்கு பல்லு ஒட்டிக்கிச்சு, ஒரே சிரிப்பு.

சமயம் பாத்து அண்ணன்கிட்ட சொல்றேன். நீங்க டென்ஷன் ஆவாதீங்க.

ரஞ்சிதம்


செஞ்சி,
2-10-85

ரஞ்சிதத்துக்கு,

அல்வா வாங்கியாந்தாருன்னா உன் வீட்டுக்கு வந்திருக்காருன்னு அர்த்தம். அத நீ நேரா எழுதியிருக்கலாம், நான் ஒண்ணும் கோச்சிக்க மாட்டேன். எதிர்ல உக்காந்திருந்தப்ப அந்த கையெழுத்து பேச்ச எடுத்தியா இல்லியா? அத மட்டும் ஒரு கார்டுல எழுதிப் போடு. வர இருபத்தொண்ணு வாய்தா.

கோமளாவுக்கு எடம் நல்லபடியா அமையட்டும். தண்ணிய காய்ச்சிக் குடிங்க, காலரா கேஸ் வருது.

அண்ணி


செஞ்சி,
25-10-85

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

உன் கார்டு வரல. வராதுன்னு தெரியும், இருந்தாலும் போஸ்ட்மேன் தனகோட்டி தெருவுல திரும்பறப்ப எட்டிப் பாத்துகிட்டுதான் இருந்தேன். வீட்ல எல்லாரும் சுகம்தானே?

வாய்தாவுக்கு போனேன். உன் அண்ணன் கையெழுத்து போடமாட்டாராம். அதுக்கு பதிலா என் மனுவுக்கு எதிரா ஒரு பதில் மனு குடுத்திருக்காரு. இத பொறுமையா படி, உனக்கு புரியறாப்ல எழுதறேன்.

புருஷன் விட்டுட்டுப் போனான்னு விவாகரத்து கேட்டா, மனு போடறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் தொடர்ச்சியா விட்டுட்டுப் போயிருக்கணும். நடுவுல சேர்ந்து வாழ்ந்துட்டா பழைய கணக்கு அழிஞ்சிடும், மொதல்லேருந்து எண்ணணும். எண்பத்திரண்டு பொங்கலுக்கு வந்துட்டுப் போனவரு அப்புறம் என் வீட்ல தங்கினதே இல்ல. எண்பத்திநாலு மார்ச்ல மனு போட்டேன். கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. இப்ப உன் அண்ணன் இன்னா சொல்றாருன்னா, எண்பத்திமூணுல உங்க அம்மா செத்தப்ப தொண்டூர்ல பதினாறு நாளும் நான் அவரோட ஒரே வீட்ல குடும்பம் நடத்துனேனாம். சொந்தக்காரங்க எங்கள சேர்த்து வெச்சாங்களாம். சாட்சிக்கு ஒரு போட்டோ.

எந்த போட்டோன்னு உனக்கு தெரியும். கருமாதி அன்னிக்கு நீ செஞ்சிலேருந்து வரவழைச்சியே, அந்த ஸ்டூடியோக்காரர் எடுத்தது. என் தம்பி விநாயகம் சம்மந்தி முறைக்கு உன் அண்ணனுக்கு தலப்பா கட்டி, எனக்கு கோடிப் புடவ குடுத்து, ரெண்டு பேரையும் ஒரே பாய்ல உக்கார வெச்சான். சாவு வீட்டு முறை. தெரியாதவங்க பாத்தா புது மாப்பிள்ளையும் பொண்ணும் மாதிரி இருக்குது. ஜட்ஜ் ஐயா திருநெல்வேலி பக்கத்து ஆளு, நம்ம பக்கத்து முறை தெரியாது. திருப்பித் திருப்பி பாத்தாரு.

நான் காலை டியூட்டி முடிச்சி மத்தியானம் தொண்டூருக்கு வந்து, சாயங்காலம் கடைசி பஸ்ல திரும்புவேன். உங்க பெரியம்மா அதுக்கு என்ன ஏசாத ஏச்சு இல்ல. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல பகல் டியூட்டிதான் இருக்கும், ராத்திரி எங்க படுத்தேன்னு அதுல எழுத மாட்டாங்க. விநாயகம் என் தம்பி, அவன் பேச்சு எடுபடாதாம். தொண்டூர்காரங்க எல்லாம் உன் பங்காளிங்க. நீ ஒருத்திதான் வந்து சொல்லணும்.

மனுவ வாபஸ் வாங்கி புதுசா போடலாம்னு வக்கீல் சொல்றாரு. போட்டா? திரும்ப எங்கியாவது ஒரு சாவுலயோ கல்யாணத்துலயோ பக்கத்துல வந்து உக்காருவாரு. திரும்ப மொதல்லேருந்து எண்ணணும். போன தீவாளிக்கு ஆறு மணி பஸ்ல வந்து தட்டினாரு, வக்கீல் சொன்னதால நான் தெறக்கல. புருஷன வெளிய நிக்க வெக்கறா பாருன்னு தெருவே பேசுச்சு. எத்தினி வருஷம் இப்படி கதவுக்கு பின்னாடி நிக்கறது சொல்லு?

அந்த போட்டோ அவரு கைக்கு எப்படி போச்சுன்னு நான் கேக்கல.

அமிர்தவல்லி


நெய்வேலி,
3-12-85

பிரியமுள்ள அண்ணிக்கு ரஞ்சிதம் எழுதிக்கறது. லேட்டுக்கு மன்னிச்சிக்கோங்க. மழை விடாம அடிச்சிது. குவாட்டர்ஸ் செவுரெல்லாம் ஊறி, அரிசி மூட்டைய கட்டில் மேல தூக்கி வெச்சேன். இவருக்கு ஜொரம் வேற.

கோமளாவுக்கு பண்ருட்டி எடமே முடிவாயிடுச்சு. பையன் தம்பிக்கு படிப்பு முடியணுமாம், ஒரு வருஷம் போவட்டும்னாங்க, நாங்களும் சரின்னுட்டோம். மாப்பிள்ளையோட அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: 'தாய்மாமன் இருக்காரு இல்ல?' இருக்காருன்னு சொன்னேன். பொண்ணு நெத்தில பட்டம் கட்டி, மாலை எடுத்துக் குடுத்து, மணவறைக்கு அழைச்சிகிட்டு வர தாய்மாமன் இல்லாம எந்த பொண்ணு எங்க வீட்ல தாலி கட்டிக்கிட்டிருக்குது? எனக்கு கூடப்பொறந்தது ஒரே ஒரு அண்ணன்.

அண்ணன்கிட்ட கேட்டேன் அண்ணி. நிஜமா கேட்டேன். ஆம்பள விடலாம், பொம்பள தானா விட்டுப் போனான்னு ஒரு பேச்சு வரக்கூடாதுன்னு சொல்லுது. அதுக்கு மேல நான் இன்னா பேச?

கோர்ட்டு படியெல்லாம் நான் ஏறினதே இல்ல. முட்டியும் இப்படி இருக்குது. நீங்க படிச்சவங்க, வேற வழி இருக்கும்.

ரஞ்சிதம்


செஞ்சி,
20-12-85

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

கோமளாவுக்கு எடம் முடிவானது சந்தோஷம். நல்ல பொண்ணு, நல்லா இருக்கும். உன் வீட்டுக்காரர் ஜொரம் விட்டுச்சா? விடலன்னா ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லு.

நீ கோர்ட்டுக்கு வரவேணாம். உன் பொண்ணு கல்யாணத்த வெச்சிகிட்டு உன்ன நான் இழுக்கறது நியாயம் இல்ல. வாபஸ் வாங்கறத பத்தி யோசிக்கறேன். பொங்கல் லீவு முடிஞ்சி சொல்றேன்னு வக்கீல்கிட்ட சொல்லிட்டேன். அலுத்துப் போச்சும்மா. மனுஷனுக்கு கோவப்படறதுக்கும் தெம்பு வேணும்.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நேத்து வக்கீல் ஆபீஸ்ல அந்த போட்டோவ கிட்ட வெச்சி பாத்தேன். அதுல உங்க அம்மா இல்ல. எங்களுக்கு பக்கத்துல நாற்காலில மாலை போட்டு வெச்சிருந்த அவங்க படத்த கத்திரி வெச்சி வெட்டியிருக்காங்க. இடது பக்கம் ஓரத்துல சாமந்தி மாலை கொஞ்சூண்டு தெரியுது. சாவு வீடுன்னு தெரியக் கூடாது இல்ல, அதுக்காக.

கடைசி ஒரு மாசம் அவங்களுக்கு நான்தான் ஊசி போட்டேன். என் கைய புடிச்சிகிட்டு உன் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. நான் ரஞ்சிதம் இல்லன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

ஒடம்ப பாத்துக்கோ.

அண்ணி


நெய்வேலி,
14-3-86

அண்ணிக்கு,

மூணு மாசமா எழுதல. எழுத கை வரல. உங்க லெட்டர பீரோவுல வெச்சி வெச்சி எடுத்துப் படிச்சேன்.

நான்தான் குடுத்தேன். அல்வா வாங்கியாந்த அன்னிக்கு. அம்மா மூஞ்ச பாக்கணும் போல இருக்குது, ஒரு காப்பி இருந்தா குடுன்னு கேட்டுச்சு. கண்ணுல தண்ணி வேற. நானும் அழுதுட்டு எடுத்துக் குடுத்தேன்.

இன்னொரு காப்பி என் டிரங்கு பெட்டில இருக்குது, முழுசா. அம்மாவும் இருக்காங்க.

எந்த தேதி, எத்தினி மணி? கோர்ட்டு ஸ்டாண்டுலேருந்து எவ்ளோ தூரம்? இவருகிட்ட சொல்லிட்டேன். போய்ட்டு வா, அப்புறம் வரத அப்புறம் பாத்துக்கலாம்னாரு.

ரஞ்சிதம்


செஞ்சி,
22-3-86

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

லெட்டர் வந்துச்சு. டியூட்டில படிச்சேன், கண்ணு எரியுதுன்னு சொல்லி மூஞ்சி கழுவிட்டு வந்தேன்.

மனு அப்படியே இருக்குது, வாபஸ் வாங்க மனசு வரல. ஏப்ரல் பதினாலுக்கு மேல தேதி குடுப்பாங்க, தந்தி அடிக்கறேன். ஆனா ஒரு நாள்ல முடியும்னு நெனைக்காத. ஜட்ஜு லீவுன்னுவாங்க, எதிர்க்கட்சி வக்கீல் வரலன்னுவாங்க, மே மாசம் கோர்ட்டே மூடிடும். சோறு கட்டிகிட்டு வா, ஓட்டல் சாப்பாடு உனக்கு ஆவாது. படி எட்டோ பத்தோ இருக்கும், நான் கைய புடிச்சி ஏத்தறேன்.

கோர்ட்ல புருஷன் பேர் என்னன்னு என்ன கேட்டாங்க. ராஜாராம்னு கல்யாணமாயி மொத வாட்டியா வாய்விட்டு சொன்னேன். நாக்கு ஒண்ணும் அழுகிடல. உன்ன கேட்டாலும் தைரியமா சொல்லு. அவரு பக்கம் திரும்பாத.

அண்ணி


நெய்வேலி,
30-7-86

பிரியமுள்ள அண்ணிக்கு,

வீடு வந்து சேர்ந்துட்டேன். மூணு வாட்டி சும்மா வந்து போனதுக்கு நாலாவது வாட்டியாவது கூப்பிட்டாங்களே. நேத்து நீங்க டியூட்டிக்கு ஓடிட்டீங்க, ஒண்ணும் பேச முடியல. அதான் எழுதறேன்.

கூண்டுல ஏறுனதும் கட்டைய கெட்டியா புடிச்சிக்கிட்டேன், பாத்திருப்பீங்க. அந்த வக்கீல், 'ராத்திரில உங்க அண்ணி எங்க படுத்தாங்கன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்'னு கேட்டாரு பாருங்க, அப்பதான் எனக்கு பயம் போச்சு. தெரியாம இன்னா? சாவு வீட்ல கருமாதி வரைக்கும் பொழுது போனா வெளக்கு ஏத்தறது மருமக. அம்மாவ படுக்க வெச்ச எடத்துல பதினாறு நாளும் நான் ஏத்துனேன், கட்டிக் குடுத்த பொண்ணு. மருமக கடைசி பஸ்ல ஓடிப்போயிடறா, மக வெளக்கு ஏத்தறாளேன்னு தொண்டூரே என்ன ஏசுச்சு. யார வேணா கூப்பிட்டு கேளுங்கன்னு சொன்னேன். ஜட்ஜ் ஐயா பேனாவ எடுத்தாரு. அப்புறம் முழு போட்டோவ கேட்டு வாங்கி, அம்மாவ ரொம்ப நேரம் பாத்தாரு.

நீங்க போனப்புறம் அண்ணன் டீக்கடைகிட்ட நின்னுச்சு. நானா போயி, 'அம்மாவ இன்னாத்துக்கு வெட்டுன'ன்னு கேட்டேன். 'உன் பொண்ணுக்கு வேற தாய்மாமன பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டு சிகரெட்ட கீழ போட்டு மிதிச்சிட்டு போயிடுச்சு. பண்ருட்டி வரைக்கும் பஸ்ல அழுதுகிட்டே வந்தேன் அண்ணி. பக்கத்துல உக்காந்திருந்த பொம்பள சாவான்னு கேட்டா. ஆமான்னுட்டேன்.

நீங்க மனசுல எதுவும் வெச்சிக்காதீங்க.

ரஞ்சிதம்


செஞ்சி,
10-1-87

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

எல்லாரும் சுகமா? நடுவுல ஜட்ஜு மாறி, தீர்ப்பு தள்ளித் தள்ளிப் போச்சுன்னு எழுதியிருந்தேன் இல்ல. நேத்து சொல்லிட்டாங்க. எனக்கு விவாகரத்து குடுத்துட்டாங்க. ரெண்டு நிமிஷம் கூட ஆவல. அடுத்த கேஸ் நம்பர கூப்பிட்டுட்டாங்க, நான் இன்னும் அங்கியே நிக்கறேன். டவாலி போட்ட பியூன் வந்து, 'நவுருங்கம்மா'ன்னான்.

சந்தோஷமான்னு கேட்டா தெரியல. வீட்டுக்கு வந்து ரசம் வெச்சி சாப்ட்டு படுத்தேன்.

இன்னும் முழுசா முடியல. அவரு கடலூருக்கு அப்பீல் போக முப்பது நாள் டைம் இருக்குதாம். அதுவரைக்கும் முடிஞ்சதா நெனைக்காதீங்கன்னு வக்கீல் சொல்லிட்டாரு. அதனால நானும் யார்கிட்டயும் சொல்லல. உனக்குதான் மொதல்ல எழுதறேன்.

கோமளா கல்யாணத்துக்கு நாள் பாத்தாச்சா? தாய்மாமன் முறைக்கு யார நிறுத்தப் போற? என்னால உனக்கு இப்படி ஆச்சேன்னு நெனைக்காத நாள் இல்ல.

அமிர்தவல்லி


நெய்வேலி,
16-1-87

பிரியமுள்ள அண்ணிக்கு ரஞ்சிதம் எழுதிக்கறது. பொங்கல் நல்லபடியா ஆச்சா? தீர்ப்ப இவருகிட்ட படிச்சி காட்டுனேன்.

ஜோசியம் பாக்கற வள்ளுவர் ரெண்டு நாள் குறிச்சி குடுத்தாரு. ஒண்ணு தையில, ஒண்ணு மாசியில. மாசிதான் ரொம்ப விசேஷம்னாரு. நான் தைதான்னு ஒரே புடியா நின்னேன். பத்திரிக அடிக்கக் கொடுத்தாச்சு. பிப்ரவரி ஒண்ணாந்தேதி, ஞாயித்துக்கிழம.

எதுக்குன்னு கேளுங்க. சட்டம் எனக்கு இன்னா தெரியும்? முப்பது நாள் வரைக்கும் முடிஞ்சதா நெனைக்காதீங்கன்னு உங்க வக்கீல்தான் சொல்லியிருக்காரு. விரல் விட்டு எண்ணிப் பாத்தேன், கல்யாணம் அதுக்குள்ள வந்துடுது. அப்படின்னா அன்னிக்கு நீங்க கோமளாவுக்கு தாய்மாமன் பொண்டாட்டி. மாமன் வரலன்னா மாமி வந்து சீர்தட்டு எடுக்கட்டும், பட்டம் கட்டட்டும். எவனாவது கேட்டா கோர்ட்டு குடுத்த கெடு இன்னும் இருக்குதுன்னு நான் சொல்லிக்கறேன். இப்பதான் எனக்கு கோர்ட்டுல பேச வருதே.

லீவு இல்லன்னு சொன்னீங்க, அப்புறம் நான் பேசவே மாட்டேன்.

ரஞ்சிதம்


செஞ்சி,
12-2-87

அன்புள்ள ரஞ்சிதத்துக்கு,

மறுவீடு முடிஞ்சி கோமளா பண்ருட்டி போயிட்டாளா? வீடு வெறிச்சின்னு இருக்கும். முட்டிக்கு எண்ணெய் தேய்ச்சி ரெண்டு நாள் படுத்துக்கோ, சமையல உன் வீட்டுக்காரர் பாக்கட்டும்.

பட்டம் கட்டறப்ப நூல் ரெண்டு வாட்டி நழுவிடுச்சு. எத்தினி கொழந்தைக்கு தொப்புள்கொடி அறுத்த கை, ஒரு நூல் முடிச்சு போட வரல. கோமளா, 'மெதுவா கட்டுங்க மாமி, நான் எங்கியும் ஓடல'ன்னா. உன் சம்பந்தியம்மா, 'தாய்மாமன் வரலியா'ன்னு கேட்டப்ப நீ, 'அவருக்கு பாம்பேல வேல, இவங்க வந்துட்டாங்க இல்ல'ன்னு பட்டுன்னு சொன்ன. அதோட அந்த பேச்சு போச்சு. ஊருக்கு திரும்பறப்ப பஸ்ல நீ குடுத்தனுப்புன வாடாமல்லி மாலை மடியில இருந்துச்சு. நல்லா அழுதேன். இத்தினி வருஷத்துல அழாதத எல்லாம் சேத்து அழுதேன்.

முப்பது நாள் போன ஞாயித்துக்கிழம முடிஞ்சுது. வக்கீல் கடலூர்ல விசாரிச்சிட்டாரு, அப்பீல் போடல. இனிமே அந்த பேச்சே இல்ல.

நேத்து சாயங்காலம் ஆறு மணி பஸ் சத்தம் கேட்டுச்சு. நான் கீரை ஆஞ்சிகிட்டிருந்தேன். எழுந்து போயி கதவ தாப்பா போட்டுட்டு வந்து, மிச்ச கீரையையும் ஆஞ்சேன்.

நெய்வேலிலேருந்து திண்டிவனம் வந்து மாறுனா உனக்கும் அந்த பஸ்தான் வரும். நீ வரப்ப கதவு சாத்தித்தான் இருக்கும், அப்படியே திரும்பிப் போயிடாத. வெறுமனே தட்டாத, எனக்கு தூக்கிவாரிப் போடும். வாசல்ல நின்னு 'அண்ணி'ன்னு ஒரு குரல் குடு. எழுந்து வந்து தெறக்கறேன்.

அண்ணி